ஹேண்ட் பிரேக்கோடு கார் ஓட்டியாச்சு: அப்படியே விடலாமா, ஷூ மாற்றணுமா, டிரம்மும் போச்சா?

ஹேண்ட் பிரேக்கை முழுசாக இறக்காமல் கிளம்பி, கருகிய வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தவர்கள் நம் ஊரில் ஏராளம். அப்புறம் நாலு பேரிடம் கேட்டால் நாலு விதமாகச் சொல்வார்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, ஓட்டு" என்பார் ஒருவர். "ஷூ கருகியிருக்கும், மாத்திடு" என்பார் இன்னொருவர். கம்பெனி சர்வீஸில் விட்டால் ஷூ, டிரம், வீல் சிலிண்டர், பேரிங் என்று எஸ்டிமேட் ஒரு பக்கத்துக்கு வரும். (டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புக் கிண்ணம். ஷூ என்பது அதற்குள் விரிந்து அதை அழுத்திப் பிடிக்கும் வளைந்த துண்டு, அதன் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டைதான் லைனிங்.) மூன்றுமே சில சமயம் சரி, சில சமயம் தப்பு. எந்த நிலைமைக்கு எது என்பதுதான் விஷயம். என் கட்சி இதுதான்: டிரம்மைக் கழற்றிப் பார்க்காமல் எதற்கும் காசு கொடுக்காதீர்கள், பார்த்த பிறகு ஷூவில் கஞ்சத்தனம் வேண்டாம், டிரம்மில் அவசரம் வேண்டாம்.

இங்கே நான் பேசுவது ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், டியாகோ, க்விட் மாதிரி முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சின்ன கார்களைப் பற்றி. பின்னாலும் டிஸ்க் உள்ள வண்டிகளுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு, அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

இந்த வண்டிகளில் இன்ஜின் இழுப்பது முன் சக்கரத்தை, ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. ஹேண்ட் பிரேக்கை முழுசாகத் தூக்கி வைத்திருந்தால் பெரும்பாலும் வண்டி நகரும்போதே முரண்டு பிடிக்கும், பின்பக்கம் உட்காரும், நீங்களே கவனித்துவிடுவீர்கள். அதனால் அதில் பெரிய சேதம் வருவதில்லை. ஆபத்தானது ஒரு கிளிக், இரண்டு கிளிக் மட்டும் மேலே நிற்பது. லீவர் பார்வைக்கு இறங்கின மாதிரியே இருக்கும், வண்டி கொஞ்சம் மந்தமாக ஓடும், ஏசி போட்டதால் இழுவை குறைவு என்று நினைத்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் போய்விடலாம். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியத்தான் செய்யும். ஆனால் பிரேக் ஆயில் குறைந்தாலும் அதே விளக்குதான் பல வண்டிகளில் எரியும் என்பதால், "ஆயில் கொஞ்சம் குறைவா இருக்கும், அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்" என்று பழகிப்போனவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பின் பிரேக்கும் சேர்ந்து முப்பது கிலோ அளவுக்கு இழுத்துப் பிடிக்கிறது, நீங்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். கிட்டத்தட்ட 3.3 கிலோவாட் வெப்பம் ஓயாமல் அந்த டிரம்களுக்குள் இறங்குகிறது. மூன்று இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் வைத்து மூடிவிட்ட மாதிரி. கால் பிரேக் அடிக்கும்போது இதைவிட அதிகச் சூடு வரும், ஆனால் அது சில நொடிதான், அதன்பின் காற்று பட்டு ஆறிவிடும். இங்கே ஆறுவதற்கு இடைவெளியே இல்லை. அதனால் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினோம் என்பது மட்டும் கேள்வி இல்லை, எவ்வளவு இறுக்கமாக, எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. தெருவுக்குத் தெரு ஐந்து கிலோமீட்டர் போனவரும் பைபாஸில் 80-இல் ஐந்து கிலோமீட்டர் போனவரும் ஒன்றல்ல.

அந்தச் சூடு முதலில் கை வைப்பது ஷூவின் லைனிங்கில். லைனிங்கைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் பிசின் இளகி மேலே வந்து, ஆறும்போது கண்ணாடி மாதிரி ஒரு தோலாகிவிடும். மெக்கானிக்குகள் இதை கிளேஸ் ஆகிவிட்டது என்பார்கள். அந்த வாடையும் புகையும் இந்தப் பிசின்தான். அடுத்து வீல் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்தால் ஷூவை வெளியே தள்ளும் குட்டி உருளை. அதற்குள் இருக்கும் பிரேக் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி வரும், ஆவி அமுங்கும், அப்போது பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும். புது டாட் 3 ரக ஆயில் கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும், டாட் 4 என்றால் 230. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈரம் ஏறிய பிறகு அதே டாட் 3-க்குத் தர விதி கேட்பது 140 டிகிரி மட்டும், டாட் 4-க்கு 155. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் நாலைந்து வருஷமாக மாற்றாத ஆயிலோடு ஓடும் வண்டி எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். அதன் பிறகு சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப், பேரிங்கில் இருக்கும் கிரீஸ், கடைசியாக டிரம்மின் இரும்பு. இந்த வரிசையை மனதில் வையுங்கள், செலவும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் யோசிக்க வேண்டும்.

கவனித்த அந்த நிமிஷத்தில் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. ஓரமாக நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள், திரும்பத் தூக்காதீர்கள். முதல் கியரில் போட்டு சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தால் போதும். சூட்டில் விரிந்திருக்கும் டிரம் ஆறும்போது சுருங்கும், அந்த நேரத்தில் ஷூவை விரித்து வைத்தால் கவ்விக்கொள்ளும். பக்கத்து டீக்கடையில் தண்ணீர் வாங்கி டிரம் மேல் ஊற்றுவதை நானே இரண்டு மூன்று இடத்தில் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். வார்ப்பிரும்பு அப்படித் திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும், நல்லா இருந்த டிரம்மை நாமே கெடுத்த மாதிரி ஆகும். அரை மணி, முக்கால் மணி நேரம் விட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். வழக்கம்போல் கெட்டியாக இருந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். பஞ்சு மாதிரி போனாலோ, சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் தெரிந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். டோ பண்ணுகிற செலவைப் பார்த்து அந்த இடத்தில் தயங்கக் கூடாது.

சரி, இப்போது வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, அப்படியே விட்டுவிடுவது. காசு இல்லாத வழி என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும், பல நேரம் இதுவே சரியும்கூட. ஒரு கிளிக் நிலையில் ஊருக்குள் கொஞ்ச தூரம், வாடை இல்லை, புகை இல்லை, பெடல் மாறவில்லை என்றால் வீண் பயம் வேண்டாம். ஆனால் மறுநாள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பத்து நிமிஷம் சாதாரணமாக ஓட்டி, முடிந்தவரை பிரேக் அடிக்காமல் நிறுத்தி, நாலு சக்கரத்தின் ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். பின்பக்கம் ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜாக்கி போட்டுத் தூக்கி பின் சக்கரத்தைக் கையால் சுற்றியும் பார்க்கலாம், லேசாக உரசும் சத்தம் பரவாயில்லை, சுற்றவே தெம்பு வேண்டியிருந்தால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. டிரம்முக்குள் லைனிங் தேயத் தேய ஷூவைத் தானே வெளியே தள்ளி வைக்கும் ஒரு ஆட்டோ அட்ஜஸ்டர் பெரும்பாலான வண்டிகளில் உண்டு. டிரம் சூட்டில் விரிந்திருக்கும்போது, இடைவெளி கூடிவிட்டது என்று அது தப்பாக எடுத்துக்கொண்டு ஷூவை இன்னும் தள்ளிவிடலாம். டிரம் ஆறிச் சுருங்கியதும் ஷூ ஒட்டிக்கொண்டே நிற்கும். நீங்கள் ஹேண்ட் பிரேக்கை ஒழுங்காக இறக்கித்தான் ஓட்டுவீர்கள், உள்ளே மறுபடி சூடாகிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் சம்பவம் ஒரு மாதச் சம்பவமாக ஆவது இப்படித்தான்.

இன்னொன்று, "பிரேக் நல்லாத்தான் பிடிக்குது" என்ற சமாதானத்தை நம்ப முடியாது. ஓடும் வண்டி நிற்பதில் பெரும்பங்கு முன் பிரேக்குகளுடையது, பின்னால் லைனிங் கிளேஸ் ஆகியிருந்தாலும் ஊருக்குள் ஓட்டும்போது உங்கள் காலுக்கு வித்தியாசம் தெரியாது. அது தெரிவது மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடும்போது, வழக்கமான இடத்தில் நிற்காமல் இன்னும் இரண்டு கிளிக் இழுக்க வேண்டியிருக்கும். அல்லது மலை இறங்கும்போது தெரியும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவர், அல்லது குடும்பத்தோடு போகப் போகிறவர், வாடை வந்த வண்டியை "அப்படியே விடுவது" என்ற பட்டியலில் சேர்க்கவே கூடாது.

இரண்டாவது வழி, திறந்து பார்த்து, சுத்தம் செய்து, அட்ஜஸ்ட் செய்வது. வாடையோ புகையோ வந்திருந்தால் குறைந்தபட்சம் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பேன். உள்ளூர் பட்டறையில் இரண்டு சக்கரத்துக்கும் சில நூறு ரூபாய் கூலி, பொருள் செலவு ஏறக்குறைய இல்லை. இதில் கிடைப்பது ரிப்பேர் என்பதைவிடத் தகவல், மீதி முடிவெல்லாம் இந்தத் தகவலைப் பொறுத்தது. அதனால் வண்டியை விட்டுவிட்டுப் போகாமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.

டிரம் வரவில்லை என்றால் சில மெக்கானிக்குகள் பெரிய சுத்தியலை எடுப்பார்கள். பல டிரம்களில் முகப்பில் இரண்டு மரை ஓட்டை இருக்கும், அதில் அளவான போல்ட்டைப் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை ஏர் பைப் வைத்து ஊதவும் விடாதீர்கள், சில மலிவு லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஊதினால் அது போவது உங்கள் நெஞ்சுக்குள்தான். ஈரத் துணியோ பிரேக் கிளீனரோ போதும்.

இப்போது லைனிங்கைப் பாருங்கள். நல்ல லைனிங் மங்கலாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். கிளேஸ் ஆனது வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பளபளக்கும், விரலை வைத்தால் வழுக்கும். ஓரத்தில் சாம்பல் நிறமாக வெளுத்து, நகத்தால் கீறினால் பொடிப்பொடியாக உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் பிசின் செத்துவிட்டது, அங்கே பேச்சுக்கு இடமில்லை. மேலே மட்டும் பளபளப்பு, கீழே கெட்டி என்றால் முரட்டு உப்புத்தாள் வைத்து அந்தத் தோலைத் தேய்த்து எடுக்கலாம், டிரம்மின் உள்பக்கத்தையும் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்கலாம். சிலர் உப்புத்தாள் வேலையையே ஏமாற்று என்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. லைனிங் பாதிக்கு மேல் இருந்து, கிளேஸ் மெலிசாக இருந்தால் அது நியாயமான வைத்தியம். ஆனால் நாலைந்து இழுப்பு தேய்த்தும் கீழே இன்னும் கறுத்துப் பளபளக்கிறது என்றால் சூடு ஆழமாக இறங்கிவிட்டது, மேலே தேய்த்து என்ன பயன்.

அப்படியே வீல் சிலிண்டரின் இரண்டு பக்க ரப்பர் மூடியையும் ஓரத்தில் லேசாகத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் கப் போய்விட்டது, சிலிண்டரையே மாற்றுவது நல்லது. கப் மட்டும் மாற்றும் கிட் கிடைக்கும், ஆனால் சிலிண்டர் விலையே அதிகமில்லாதபோது உள்சுவரில் கீறல் உள்ள பழைய சிலிண்டரில் புதுக் கப் போட்டு மூன்று மாதத்தில் திரும்ப ஒழுகவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. லைனிங்கில் ஒரு தடவை பிரேக் ஆயில் ஊறினால் அந்த ஷூவும் குப்பைதான், எத்தனை கழுவினாலும் தேறாது.

மூன்றாவது வழி, ஷூ மாற்றுவது. சின்ன காருக்குப் பின்பக்க ஷூ செட் சுமார் ஆயிரம் ரூபாயிலிருந்து ஆரம்பிக்கும், பிராண்டைப் பொறுத்து ஏறும். ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். இடது புது ஷூ, வலது பழைய ஷூ என்று இருந்தால் திடீர் பிரேக்கில் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுக்கும், மழை ரோட்டில் அது விளையாட்டல்ல. கருகின ஷூவை உப்புத்தாளில் தேய்த்துக் காப்பாற்றலாமா என்று சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை, ஏனென்றால் கூலி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், டிரம் ஏற்கெனவே கழன்று கிடக்கிறது, மிச்சமாவது ஷூ விலை மட்டும்.

இதிலேயே ஒரு கிளை வழி, பழைய ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டிக்கொள்வது. லாரி, பஸ்ஸில் லைனிங்கை ரிவெட் அடித்து மாற்றுவது இன்றும் நடக்கும் நல்ல வேலை. சின்ன காரில் லைனிங் பசை போட்டு ஒட்டப்பட்டது, அதைச் சரியான அழுத்தத்திலும் சூட்டிலும் ஒட்டினால்தான் நிற்கும். கையால் ஒட்டிக் கொடுக்கும் கடையை நம்பி நூறு, இருநூறு மிச்சம் பிடிப்பதற்கு, ஓடும்போது லைனிங் கழன்று டிரம்முக்குள் மாட்டிச் சக்கரம் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பழைய மாடல், ஷூவே கிடைக்கவில்லை என்றால் மட்டும் இந்தப் பக்கம் போகலாம்.

பிராண்ட் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி. பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூரில் ரானே என்று நாட்டின் பிரேக் லைனிங் தொழிலில் பெரிய பங்கு சென்னையின் அந்த ஓரத்தில்தான் வளர்ந்தது. கார் கம்பெனி பெட்டியில் வரும் ஷூவுக்கும், இந்த மாதிரிப் பெயருள்ள தயாரிப்பாளர் பெட்டியில் வரும் ஷூவுக்கும் தரத்தில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரிந்து இல்லை, விலையில் இருக்கும். பெயரே கேள்விப்படாத, பாதி விலைச் சரக்குதான் பிரச்சினை. சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் கடைகளில் வாங்கினாலும் சரி, உங்கள் ஊர் ஸ்பேர் கடையில் வாங்கினாலும் சரி, பில் போடும் கடையில் வாங்குங்கள், பழைய ஷூவைக் கையில் கொண்டுபோய் ஓட்டைகளும் அகலமும் ஒத்துப்போகிறதா என்று வைத்துப் பாருங்கள். அப்புறம் ஸ்பிரிங். இதை எல்லோரும் மறப்பார்கள். ஷூவைத் திரும்ப இழுக்கும் அந்தச் சின்ன ஸ்பிரிங்குகள் அளவுக்கு மீறிச் சூடானால் தெம்பு இழந்துவிடும், பெயின்ட் கருகியிருந்தாலோ சுருள்களுக்கு நடுவில் இடைவெளி விழுந்திருந்தாலோ மாற்றுங்கள். தளர்ந்த ஸ்பிரிங்கோடு புது ஷூ போட்டால் அது ஒழுங்காகத் திரும்பி வராது, டிரம்மை உரசிக்கொண்டே ஓடும்.

நாலாவது, டிரம். இங்கேதான் பணம் தேவையில்லாமல் போகிறது. என் மச்சானின் வேகன் ஆர் ஒன்றில், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை இரண்டு கிளிக் நிலையில் போய்ப் புகை வந்துவிட்டது. சர்வீஸ் சென்டர் ஒன்றில் டிரம்மைக் கழற்றாமலேயே இரண்டு டிரம்மும் பேரிங்கும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுப் பக்கத்துப் பட்டறையில் கழற்றியபோது அந்த மெக்கானிக் ஷூவைக் கீழே போட்டுவிட்டு, டிரம்மை மச்சான் கையில் கொடுத்து, "உள்ள விரலை விட்டு ஒரு சுத்து சுத்துங்க மாமா, எங்கயாச்சும் நகம் மாட்டுதா சொல்லுங்க" என்றார். மாட்டவில்லை. லேசான நீலம் ஒரு இடத்தில், அவ்வளவுதான். அந்த டிரம்கள் இன்றும் ஓடுகின்றன, மாறியது ஷூவும் ஸ்பிரிங்கும் ஆயிலும்.

நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால், அல்லது டிரம் கோணி இருந்தால்தான் லேத்துக்கா புதுசா என்ற கேள்வி. கோணியதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: யாரும் இல்லாத மைதானத்தில் முப்பதுக்குக் கீழே மெதுவாகப் போய், ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே லீவரை லேசாகத் தூக்குங்கள். வண்டி சீராக மட்டுப்பட்டால் டிரம் வட்டமாக இருக்கிறது. விட்டு விட்டுப் பிடித்தால், சீட்டுக்கு அடியில் துடிப்பு தெரிந்தால், கோணிவிட்டது. லேத்தில் உள்பக்கம் கடைந்தால் சில நூறு ரூபாயில் முடியும், ஆனால் டிரம்மிலேயே அதிகபட்ச விட்டம் எவ்வளவு என்று வார்த்திருக்கும், கடைந்த பிறகு அதைத் தாண்டக் கூடாது. பொதுவாக ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் தான் இடமிருக்கும். அளக்காமல் கடைகிற லேத்காரரிடம் கொடுக்காதீர்கள். ஒரு பக்கம் கடைந்தால் மறுபக்கமும் அதே அளவுக்குக் கொண்டுவருவது நல்லது.

நீலம் கருநீலமாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் கடைவதில் பெரிய பலன் இல்லை. அந்த இடங்களில் இரும்பு இறுகிவிட்டது, லேத் உளி அதன் மேல் தாவும், கடைந்த கொஞ்ச நாளில் அங்கே மேடு தெரியும். மயிரிழை மாதிரி மேலோட்டமான கோடுகளைக் கண்டு அலற வேண்டாம், ஆனால் ஓரம் வரை ஓடும் விரிசல் ஒன்று இருந்தாலும் அந்த டிரம்மை எடைக்குப் போடுங்கள். சென்னையில் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழசு கிடைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. கதவு, கண்ணாடி, பம்பருக்குப் புதுப்பேட்டை சரி. டிரம்மில் விட்டம் எவ்வளவு மிச்சம், எந்தச் சூட்டைப் பார்த்தது என்று தெரியாமல் வாங்குவதற்குப் புதுசே மேல். பல சின்ன கார்களில் பின் பேரிங் டிரம்முக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், புது டிரம் என்றால் பேரிங்கும் பிரஸ்ஸில் ஏற்ற வேண்டும். அதனால்தான் டிரம் செலவு நினைத்ததைவிட அதிகமாகிறது. பழைய பேரிங்கைச் சுற்றிப் பார்த்தால் 'கரகர' என்றாலோ கிரீஸ் உருகி வெளியே வழிந்திருந்தாலோ அது எப்படியும் போக வேண்டியதுதான்.

பிரேக் ஆயிலில் ஒப்பீடே இல்லை. புகை வந்த வண்டிக்கு எந்த வழியை எடுத்தாலும் ஆயிலை முழுசாக மாற்றி ஏர் எடுத்துவிடுங்கள். சில நூறு ரூபாய் விஷயம், எப்படியும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது. மேனுவலில் டாட் 3 போட்டிருந்தால் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்று சிலிக்கான் ஆயில் ஒன்று இருக்கிறது, அதை இதோடு கலக்கக் கூடாது.

எங்கே செய்வது? கம்பெனி சர்வீஸில் ஒரிஜினல் பொருள் கிடைக்கும், ரசீது இருக்கும், வண்டி வாரண்டியில் இருந்தால் அங்கேயே போவதுதான் புத்திசாலித்தனம், ஷூ தேய்மானப் பொருள் என்பதால் அது வாரண்டியில் வராது என்றாலும். ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஸ்கேனர் உள்ள இடம் வேண்டும், சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் சென்சாரோ வயரோ சூடு பட்டிருக்கலாம். ஆனால் அங்கே உப்புத்தாள் தேய்ப்பு, லேத் கடைசல் மாதிரி வேலைகள் பெரும்பாலும் கிடையாது, சந்தேகமானதை மாற்று என்பதுதான் அவர்கள் முறை. நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கவும் விடமாட்டார்கள். உள்ளூர் மெக்கானிக்கிடம் எதிர்மாறான குறை, தேவைக்கு மேல் சிக்கனம். "இன்னும் ஒரு வருஷம் ஓடும் சார்" என்று கருகின ஷூவையே திரும்ப மாட்டுவார். பெரிய ஊர்களில் பிரேக் வேலை மட்டுமே செய்யும் கடைகள் இருக்கின்றன, கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. இல்லையென்றால் நான் செய்வது, பழக்கமான மெக்கானிக், பொருளை நானே கவுன்டரில் வாங்கிக் கொடுப்பது. அவருக்குக் கொஞ்சம் மனக்கசப்பு வரலாம், கூலியில் ஐம்பது சேர்த்துக் கொடுத்தால் சரியாகிவிடும்.

பின்னாலும் டிஸ்க் உள்ள வண்டிக்கு வருவோம். ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் ஒரே காலிப்பரை (பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) இயக்கும் வகை என்றால் பாதிப்பு பேட்டிலும் டிஸ்க்கிலும், காற்று படுவதால் டிரம்மைவிடச் சீக்கிரம் ஆறும், சேதமும் சக்கர இடுக்கு வழியாகவே ஓரளவு கண்ணுக்குத் தெரியும். பேட் மாற்றுவது சுலபம், ஆனால் காலிப்பர் பிஸ்டனைத் திருகி உள்ளே தள்ள வேண்டிய வகை அது, ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பினால் உடையும். காலிப்பரின் உறை உருகியிருந்தால் டிரம் வண்டியைவிடச் செலவு பல மடங்கு. எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டிகளில் பெல்ட் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் பெரும்பாலும் தானே விடுபட்டுவிடும், இந்தச் சம்பவமே அரிது. அதில் பேட் மாற்ற ஸ்கேனரில் சர்வீஸ் மோடு போட வேண்டும், ரோட்டோரப் பட்டறைக்கு வேண்டாம்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: இரண்டு பின் சக்கரமும் சூடானதா, ஒன்று மட்டுமா? இரண்டும் ஒரே மாதிரி என்றால் லீவர் இறங்காமல் இருந்தது, அவ்வளவுதான். ஒன்று மட்டும் கருகி இன்னொன்று பச்சைப் பிள்ளையாக இருந்தால் உங்கள் மறதி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் லீவரை இறக்கியும் அந்தப் பக்கக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பாமல் நின்றிருக்கலாம், மழை வெள்ளத்தில் நின்ற வண்டிகளிலும் மாதக்கணக்கில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தின வண்டிகளிலும் இது சகஜம். கேபிளை மாற்றாமல் ஷூ மட்டும் போட்டால் அந்தப் புது ஷூவும் அதே கதிதான், அதற்குள் கூலி இரண்டு தடவை கொடுத்திருப்பீர்கள்.

மாட்டும்போது வரிசை முக்கியம். முதலில் டிரம்முக்குள் ஷூ இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும், பெடலை நாலைந்து தடவை மிதித்து உட்கார வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் லீவர் அடியில் உள்ள நட்டில் கேபிளைத் தொட வேண்டும். அவசரக்கார மெக்கானிக் நேராகக் கேபிளை முறுக்கி, "பாருங்க சார், ரெண்டே கிளிக்ல பிடிக்குது" என்று பெருமையாகக் காட்டுவார். இரண்டு கிளிக்கில் பிடித்தால் இறக்கின நிலையிலும் லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று அர்த்தம். மேனுவலில் உங்கள் வண்டிக்கான எண்ணிக்கை இருக்கும், பொதுவாக ஐந்திலிருந்து எட்டுக்குள். ஜாக்கியில் இருக்கும்போதே சக்கரம் கையால் தாராளமாகச் சுற்றுகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிடுங்கள். புது ஷூ டிரம்மோடு ஒத்துப்போக முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் பிடிக்கும், அதுவரை திடீர் பிரேக் தவிர்த்து முன்கூட்டியே மிதித்துப் பழக்குங்கள், அப்புறம் ஒரு தடவை கேபிளை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். கூலியைக் கொடுக்கும் முன் பக்கத்தில் ஏதாவது பாலம் ஏற்றம் இருந்தால் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு போய், நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டுக் காலை எடுத்துப் பாருங்கள். வண்டி பின்னால் வந்தால் அங்கிருந்தே பட்டறைக்குத் திருப்பிவிடலாம்.